அந்த 25 டாலர் எங்கே போகிறது?

இணையத்தின் வழியாக நுண்கடன் கொடுக்கும் தொண்டு நிறுவனங்களில் மிகவும் பெயர் பெற்றது கீவா. மேட் ஃப்ளானரி, ஜெசிகா ஜாக்லி என்ற இருவர் 2005-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இதைத் தொடங்கினார்கள். முதல் கடன்கள் உகாண்டாவின் டொரோரோ பகுதியில் சிறுதொழில் செய்துகொண்டிருந்த ஏழு பேரின் பெயரில் எழுதப்பட்டவை. இன்று அதன் வழியாகப் போன கடன்களின் மொத்தத் தொகை 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 25 டாலர் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கடன் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு வட்டி கிடையாது. அசல் மட்டும் தவணை தவணையாகத் திரும்பி வரும். அதை எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இன்னொருவர் பெயரில் மறுபடி போடலாம். இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் சொல்ல வருவது ஒன்றுதான். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு நாம் கடன் கொடுப்பதில்லை. அவருக்கு ஏற்கெனவே கடன் கொடுத்துவிட்ட ஒரு நிதி நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். இப்படி நடப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் இதைப் புரிந்துகொண்டால், பணம் போடும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் அடியோடு மாறுகின்றன. அந்தக் கேள்விகளுக்கான பதிலை முன்னால் வைக்காமல் பின்னால் வைப்பதுதான் இத்தகைய தளங்களின் உண்மையான குறை.

ஒரு கடன் பக்கத்தை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாலே விஷயம் பிடிபட்டுவிடும். மேலே பெரிதாக ஒரு முகம். பக்கத்தில் பெயர், நாடு, எத்தனை டாலர் வேண்டும், எதற்காக: கடைக்குச் சரக்கு வாங்க, பசு வாங்க, தையல் இயந்திரம் வாங்க. அதையொட்டியே கடன் கொடுப்பதற்கான பொத்தான். இன்னும் கீழே போனால் அவருடைய கதை. அதைப் பெரும்பாலும் எழுதியிருப்பவர் அந்த ஊரில் கீவாவின் கூட்டாளியாக இயங்கும் நிதி நிறுவனத்தின் ஊழியர்; மொழிபெயர்த்துத் திருத்திக் கொடுப்பவர்கள் கீவாவின் தன்னார்வலர்கள். அதற்கும் கீழே விவரங்கள் வருகின்றன. எத்தனை மாதத் தவணை, நாணய மாற்றில் நட்டம் வருமா, கூட்டாளி நிறுவனத்தின் பெயர் என்ன, அதற்கு எத்தனை நட்சத்திர மதிப்பீடு என்று ஒவ்வொன்றாகப் போகும் அந்தப் பட்டியலில், கடன் தொகை வழங்கப்பட்ட தேதி என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான கடன்களில் அந்தத் தேதி நீங்கள் பக்கத்தைப் பார்க்கும் நாளுக்கு முந்தையது. அதாவது அந்தப் பெண் பணத்தை வாங்கிவிட்டார். பசுவும் கொட்டகைக்கு வந்திருக்கக்கூடும். அவருக்குப் பணம் கொடுத்தது அந்த ஊர் நிறுவனம். வட்டி போட்டு வசூலிக்கப் போவதும் அதுதான். முகத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறவர் இந்த வரி வரைக்கும் வர வேண்டிய அவசியமே இல்லாதபடி பக்கம் அமைந்திருக்கிறது.

இனி பணம் போகும் வழி. அட்டையிலிருந்தோ பேபால் கணக்கிலிருந்தோ நீங்கள் அனுப்பும் 25 டாலர், கீவாவிடம் உங்கள் பெயரில் ஒரு வரவாகப் பதிவாகிறது. இப்படிப் பதிவாகும் பணத்தைக் கீவா தன் சொந்தச் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். ஆனால் கடன் கொடுத்த எல்லாருடைய பணமும் ஒரே தொட்டியில்தான் கிடக்கிறது; உங்கள் 25 டாலர் என்று தனியாக எதுவும் இல்லை, பதிவேட்டில் ஒரு வரிதான் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டாளி நிறுவனத்தோடும் மாதக் கணக்கு நிகரமாகத் தீர்க்கப்படுகிறது. ஒரு நிறுவனம் பதிவேற்றிய கடன்களுக்கு இந்த மாதம் 40,000 டாலர் திரண்டிருக்கிறது, பழைய கடன்களுக்காக அது திருப்ப வேண்டியது 35,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கீவா அனுப்புவது மிச்சமுள்ள 5,000 டாலரை மட்டும். அடுத்த மாதம் திரண்டது 30,000, திருப்ப வேண்டியது 38,000 என்றால், 8,000 டாலரை அந்த நிறுவனம் கீவாவுக்கு அனுப்ப வேண்டும். அந்த இரண்டாவது மாதத்தில் கடன் கொடுத்த ஒருவருடைய பணம் ஒரு காசுகூடக் கடல் கடந்து போகவில்லை. முன்பு கடன் கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தவணையாக அது அமெரிக்காவிலேயே கைமாறிவிட்டது. ஆனால் அவருடைய பக்கத்தில் மட்டும், இன்னாருக்கு இத்தனை டாலர் கடன் என்ற பதிவு ஒழுங்காக ஏறியிருக்கும். கணக்கு முறையாகப் பார்த்தால் இதில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் உள்ள எந்த நிறுவனமும் கம்பிவழிப் பணமாற்றச் செலவை மிச்சப்படுத்த இப்படித்தான் தீர்க்கும். ஆனால் நாம் பங்கெடுப்பது எதில் என்பதை இது தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் கையிருப்புக்கு வட்டியில்லா மூலதனம் கொடுக்கிறோம்.

கோயில் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி எடுத்துக் கொடுக்கிறோம். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் சாப்பிடுவது முன்பே வந்து சேர்ந்த அரிசி. நாம் கொடுத்தது உக்கிராண அறையில் அந்த இடத்தை நிரப்புகிறது. இதனால் நம் கொடை குறைந்துபோவதில்லை. பசித்து வந்தவரை, இன்னொருவர் அரிசி கொண்டுவரும் வரை காத்திரு என்று நிறுத்தி வைப்பதைவிட இது மேலான ஏற்பாடு. கடனிலும் அப்படித்தான். விதைப்புக்கு முன் உரம் வாங்க வேண்டிய விவசாயி, பண்டிகைக்கு முன் சரக்கெடுக்க வேண்டிய கடைக்காரர், இவர்களுக்குப் பணம் தேவைப்படும் நாள் குறிப்பிட்ட நாள். முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர் மனமிரங்கி 25, 25 டாலராகப் போட்டு முடிக்கும் வரை அவரைக் காக்க வைத்தால் பருவம் போய்விடும். அதனால் நிறுவனம் முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு கீவாவிடம் ஈடுசெய்துகொள்கிறது. குறித்த நாளுக்குள் நிதி திரளாத கடன்கள் தளத்திலிருந்து காலாவதியாகி, அதில் போட்டவர்களுக்குப் பணம் திரும்பிவிடும். கடன் வாங்கியவருக்கு அதனால் எதுவும் நேர்வதில்லை. அவர் பணத்தை எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டார், அந்தத் தொகைக்கான மூலதனத்தை நிறுவனம் வேறு வழியில் தேடிக்கொள்ளும். படத்தில் இருப்பவருக்கும் நம் பணத்துக்கும் இடையில் உள்ள தொடர்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த உண்மையை ஊரறியப் பேச வைத்தவர் டேவிட் ரூட்மன். வாஷிங்டனில் உலகளாவிய வளர்ச்சி மையம் என்ற ஆய்வு நிறுவனத்தில் நுண்கடன் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். 2009 அக்டோபரில் அவர் எழுதிய கட்டுரை, கீவா காட்டிக்கொள்வது ஒன்று, நடப்பது சற்றே வேறு என்று ஆதாரத்தோடு விளக்கியது. அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ரூட்மன் கீவாவைத் திட்டவில்லை. முன்கூட்டியே கடன் கொடுத்துவிடும் முறை சரியானது என்றுதான் அவரும் வாதிட்டார். தனியொருவருக்குக் கடன் கொடுக்கிறோம் என்ற எண்ணத்தை விளம்பரம் வளர்ப்பதும், நடைமுறை அதற்கு மாறாக இருப்பதும்தான் அவர் சுட்டிய சிக்கல். கீவா அதைக் காதில் போட்டுக்கொண்டது. தன் முகப்பில் இருந்த வாசகத்தை மாற்றியது, பணம் போகும் முறையை விளக்கும் பக்கங்களைச் சேர்த்தது. தவறைச் சுட்டிக்காட்டியபோது திருத்திக்கொள்ளும் அமைப்பு என்ற நல்ல பெயர் அப்போது அதற்குக் கிடைத்தது. ஆனாலும் அடிப்படையில் பக்கத்தின் வடிவம் மாறவில்லை. முகம் மேலே, நிறுவனம் கீழே என்ற வரிசை அப்படியே இருக்கிறது.

நிறுவனத்துக்குத்தான் கடன் கொடுக்கிறோம் என்றால், நட்டம் எங்கிருந்து வரும் என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கடன் வாங்கியவர் தவணை கட்டாமல் போவது. இது நடந்தால் இழப்பு கடன் கொடுத்தவரைச் சேர வேண்டும் என்பது விதி. ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் பெயர் கெடாமல் இருக்கத் தம் கைப்பணத்திலிருந்து கட்டிவிடுவதும் உண்டு. அப்போது நம் கணக்கில் முழுத்தொகை திரும்பியதாகத் தெரியும்; அந்தப் பெண்ணின் தொழில் நொடித்துப்போனதா என்பது தெரியவே தெரியாது. இரண்டாவது, நிறுவனமே விழுந்துவிடுவது. உள்நாட்டுக் கலவரம், ஊழல், மோசமான நிர்வாகம் என்று எதனாலும் இது நேரலாம். தொடக்க ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சில கூட்டாளி நிறுவனங்கள் பொய்யான விவரங்களைப் பதிவேற்றிப் பணத்தைத் திருப்பிவிட்டதைக் கீவா கண்டுபிடித்து வெளியே சொல்லியிருக்கிறது. அப்படி நடந்தால், அங்கே கடன் வாங்கியவர் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும் நம் பணம் வராது. மூன்றாவது, நாணய மாற்று. நம் கணக்கு டாலரில், அவருடைய தவணை உள்ளூர் நாணயத்தில். அந்த நாணயம் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அதற்கு மேற்பட்ட இழப்பைக் கடன் கொடுத்தவர்களிடம் தள்ள நிறுவனங்களுக்கு வாய்ப்பு தரப்பட்டிருக்கிறது. திரும்பி வரும் பணம் சுமார் 96 சதவீதம் என்று கீவா சொல்வது உண்மையான எண்தான். ஆனால் அது ஏழைகளின் நேர்மையை அளக்கும் எண் என்று படிக்கக்கூடாது. கடன் வாங்கியவரின் நேர்மை, நிறுவனத்தின் வலு, நாணயத்தின் விலை மூன்றும் கலந்து கிடைத்த எண் அது. அதில் பெரிய பங்கு நிறுவனத்துடையது.

அடுத்தது வட்டி. கொடுப்பவருக்கு வட்டி இல்லை என்பதால் வாங்குபவருக்கும் வட்டி இல்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். அமெரிக்காவுக்குள் கீவா கொடுக்கும் சில கடன்கள் வட்டியில்லாதவை. மற்ற நாடுகளில் பெரும்பாலான கடன்களுக்கு ஊர் நிறுவனம் வட்டி வாங்குகிறது, அதுவும் நாம் வங்கியில் பார்க்கும் வட்டி அளவில் இல்லை. உலக வங்கியோடு சேர்ந்து இயங்கும் சிகேப் என்ற அமைப்பு உலகம் முழுவதும் உள்ள நுண்நிதி நிறுவனங்களை ஆராய்ந்து, 2011-இல் அவற்றின் சராசரி வட்டி வருவாய் சுமார் 27 சதவீதம் என்று கணக்கிட்டது. இதிலும் ஏமாற இடம் இருக்கிறது. பல நாடுகளில் வட்டியை ஃப்ளாட் கணக்கில் சொல்வார்கள். 1,200 டாலர் கடன், வருடத்துக்கு 20 சதவீதம் ஃப்ளாட், பன்னிரண்டு மாதத் தவணை என்றால் மாதம் 120 டாலர் கட்ட வேண்டும். ஆறாவது மாதம் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்திருந்தாலும் வட்டி என்னவோ முழு 1,200-க்கும்தான் போய்க்கொண்டிருக்கும். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் திருப்பிப் பார்த்தால் இது வருடத்துக்குச் சுமார் 35 சதவீதம். எழுதிக் காட்டும் எண்ணுக்கும் உண்மையில் சுமக்கும் எண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம். அதனால்தான் ஒவ்வொரு கூட்டாளி நிறுவனத்தின் பக்கத்திலும் கடன் வாங்குவோருக்கு ஆகும் சராசரிச் செலவு என்று கீவா போட்டு வந்த எண் அவ்வளவு முக்கியமானது. முகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் அது.

இவ்வளவு வட்டியா, கந்துவட்டிதானே இது என்று உடனே முடிவுகட்டுவதும் நியாயமாகாது. 2,000 டாலர் கடனைக் கவனிப்பதற்கும் 200 டாலர் கடனைக் கவனிப்பதற்கும் ஆகும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். களப்பணியாளர் அதே மண் சாலையில்தான் போக வேண்டும், அதே கூட்டத்தில்தான் உட்கார வேண்டும், அதே தாள்களைத்தான் நிரப்ப வேண்டும். ஒரு கடனுக்கு வருடத்தில் 30 டாலர் செலவானால் 2,000 டாலர் கடனில் அது ஒன்றரை சதவீதம்; 200 டாலர் கடனில் 15 சதவீதம். சிகேப் ஆய்விலும் வட்டியை உயர்த்தும் காரணங்களில் முதலிடம் நடைமுறைச் செலவுக்குத்தான். நிறுவனம் வெளியே வாங்கும் பணத்துக்குக் கட்டும் வட்டி அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நம் வட்டியில்லாப் பணம் எதைக் குறைக்கிறது, எதைக் குறைக்கவில்லை என்பது இங்கே தெரிகிறது. இரண்டாவதாகச் சொன்ன செலவைத்தான் நம் பணம் தொடுகிறது. அப்படி மிச்சமாவதிலும் ஒரு பகுதி படம் எடுக்கவும் கதை எழுதவும் பதிவேற்றவும் செலவாகிறது. மீதியை நிறுவனம் வட்டிக் குறைப்பாகக் கடன் வாங்குவோருக்குக் கொடுக்கிறதா, தொலைதூரக் கிராமங்களுக்குப் போவதற்குச் செலவிடுகிறதா, வெறுமனே லாபத்தில் சேர்த்துக்கொள்கிறதா? நம் 25 டாலரின் பயன் என்ன என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. படத்தில் இருப்பவரின் கதையை எத்தனை முறை படித்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

இடையில் நிற்கும் தொண்டு நிறுவனமும் செலவில்லாமல் ஓடாது. கடன் கொடுத்து முடிக்கும் இடத்தில் கீவா தனக்கென்று ஒரு சிறு நன்கொடை கேட்கும். விருப்பம் இல்லையென்றால் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அந்த நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு, கடன் தொகைக்குக் கிடையாது, ஏனென்றால் அது திரும்பி வரக்கூடிய பணம். மறுபடி கடனாகப் போகும் வரை கணக்கில் சும்மா கிடக்கும் தொகைக்கு நமக்கு வட்டி எதுவும் வருவதில்லை. இப்படி வரும் நன்கொடைகளோடு பெரிய அறக்கட்டளைகளின் நிதியும் சேர்ந்துதான் பல ஆண்டுகள் அமைப்பை ஓட்டின. பின்னர் கூட்டாளி நிறுவனங்களில் சிலவற்றிடம் கட்டணம் வாங்கும் பழக்கம் வந்தது. இதை நீண்டகாலமாகக் கடன் கொடுத்து வந்த சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். வட்டி விவரம் முன்புபோல எளிதாகக் கண்ணில் படவில்லை, உயர் அதிகாரிகளின் சம்பளம் அளவு மீறிப் போகிறது என்பவையும் அவர்களுடைய புகார்கள். 2021-இல் அவர்களில் ஒரு பகுதியினர் புதிதாகக் கடன் கொடுப்பதை நிறுத்தியே வைத்தார்கள். 2023-இல் எம்ஐடி டெக்னாலஜி ரெவியூ இதழ் இந்தச் சர்ச்சையை விரிவாக எழுதியது. அமைப்பு தன் காலில் நிற்கக் கட்டணம் தேவை என்பது கீவாவின் பதில். கட்டணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்திடம் வாங்கும் கட்டணம் சுற்றிச் சுற்றி எங்கே போய் விடியும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் நடைமுறைச் செலவில் ஏறும், அங்கிருந்து கடன் வாங்குபவரின் வட்டியில் ஏற வாய்ப்பிருக்கிறது. வட்டியில்லாப் பணம் என்று நாம் கொடுத்தது, போய்ச் சேரும்போது அப்படியே இருப்பதில்லை. கட்டணம் வாங்கத் தொடங்கும் காலத்தில் வட்டி விவரத்தை இன்னும் முன்னால் கொண்டுவந்திருக்க வேண்டும். அது பின்னுக்குப் போகிறது என்று பழைய ஆதரவாளர்களே குறைப்படும் நிலை வந்திருக்கக்கூடாது.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது இது: முகமும் கதையும் இல்லாவிட்டால் பணமே வராது. நுண்நிதி நிறுவனம் ஒன்றின் மூலதனத்துக்கு வட்டியில்லாமல் உதவுங்கள் என்று விளம்பரம் செய்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? உண்மைதான். 2007-இல் ஓப்ரா வின்ஃப்ரீயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் பில் கிளிண்டனின் புத்தகத்திலும் கீவா இடம்பெற்றபோது, கடன் கொடுக்க வந்த கூட்டத்துக்குத் தளத்தில் கடன்களே மிச்சமில்லாமல் போய், ஒருவர் ஒரு கடனில் 25 டாலருக்கு மேல் போட முடியாது என்று வரம்பு வைக்க வேண்டிவந்தது. மனித முகத்துக்கு அவ்வளவு சக்தி. ஆனால் அந்தச் சக்தியின் மறுபக்கத்தையும் தொண்டு உலகம் பார்த்திருக்கிறது. குழந்தை ஒன்றைத் தத்தெடுத்துப் பணம் அனுப்புங்கள் என்ற திட்டங்களை 1998-இல் சிகாகோ ட்ரிப்யூன் ஆராய்ந்தபோது, இறந்துபோன குழந்தைகளின் பெயரிலும் பணம் வந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அங்கேயும் பணம் உண்மையில் ஊர்த் திட்டங்களுக்குத்தான் போனது. குழந்தையின் முகம் அதைத் திரட்டும் கருவியாக இருந்தது. பலர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள், அந்த உணர்ச்சி நல்ல திட்டங்களையும் சேர்த்துப் பாதித்தது. முகத்தைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த நிறுவனம் யாருக்கெல்லாம் கடன் கொடுக்கிறது என்பதற்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு என்று சொல்லிக் காட்டலாமே. அப்படிச் சொன்னால் சிலர் விலகிப்போகலாம். இருப்பவர்கள் நிலைத்து இருப்பார்கள்.

இன்னொரு மறுப்பு, பணத்துக்கு நிறமில்லை என்பது. யாருடைய டாலர் யாருக்குப் போனால் என்ன, கடைசியில் ஏழைகளுக்குத்தானே கடன் கிடைக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பணத்துக்கு நிறமில்லை என்பதை நானும் ஏற்கிறேன். நான் நிறுவனத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணமே அதுதான். நம் பணம் குறிப்பிட்ட பசுவாக மாறாமல் நிறுவனத்தின் மொத்தக் கடன் பட்டியலில் கரைகிறது என்றால், அந்தப் பட்டியல் முழுவதற்கும் நாம் ஓரளவு பொறுப்பு. கூடவே, ஏழைகளுக்குக் கடன் கிடைத்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் ஆய்வுகள் இடம் கொடுக்கவில்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015-இல் சேர்ந்து வெளிவந்தன. இந்தியச் சோதனை, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு ஹைதராபாத்தில் நடத்தியது. நுண்கடனால் சிறு நன்மைகள் உண்டு, வாழ்க்கையையே புரட்டிப்போடும் மாற்றம் இல்லை என்பதுதான் அவற்றின் பொதுவான முடிவு. சராசரிப் பயன் சிறியது என்றால், வட்டி எவ்வளவு, வசூல் முறை எப்படி, கட்ட முடியாதவரை என்ன செய்கிறார்கள் என்பவற்றில் உள்ள வேறுபாடுதான் நன்மையா தீமையா என்பதைத் தீர்மானிக்கும். அந்த வேறுபாடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது.

அப்படியானால் நிறுவனத்தையே நடுவிலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். முயன்றிருக்கிறார்கள். ஜூலியா குர்னியா 2009-இல் தொடங்கிய ஸிடிஷா, கடன் கொடுப்பவரையும் வாங்குபவரையும் இணையத்தில் நேராகச் சந்திக்க வைத்தது. கென்யாவில் எம்-பெசா போன்ற கைபேசிப் பணச் சேவை வழியாகத் தொகை போனது. வாங்குபவருக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட ஆளில்லாத இடத்தில் திரும்பாத கடன் அதிகமானது, அந்த இழப்பு முழுவதும் கொடுத்தவர் தலையில் விழுந்தது. நேரடிக் கடன் தன் பெயருக்கு உண்மையாக இருக்கிறது, அதற்கான விலையையும் வெளிப்படையாகக் கேட்கிறது. இந்தியாவில் வேறொரு வழி உருவானது. 2008-இல் தொடங்கிய ரங் தே என்ற சமூகக் கடன் தளம், பின்னாளில் ரிசர்வ் வங்கியின் பியர்-டு-பியர், அதாவது ஒருவர் இன்னொருவருக்கு நேராகக் கடன் கொடுக்கும் தளங்களுக்கான, உரிமத்தின் கீழ் வந்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த அந்த விதிகளின்படி தளம் பணத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுப்பவர் பணத்துக்கு ஒன்று, வசூலாகும் பணத்துக்கு ஒன்று என்று வங்கி சார்ந்த அறங்காவலரின் பொறுப்பில் தனித்தனி எஸ்க்ரோ கணக்குகள் வேண்டும். ரொக்கத்துக்கு இடமே இல்லை. 2024 ஆகஸ்டில் விதி இன்னும் இறுக்கப்பட்டு, எஸ்க்ரோவுக்கு வந்த பணம் மறுநாளைத் தாண்டி அங்கே கிடக்கக்கூடாது என்றாகிவிட்டது. இழப்பு வந்தால் அது கொடுத்தவருடையது என்பதும் எழுத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் இந்த ஏற்பாடுதான் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. விதைப்புக் காலத்து விவசாயிக்குக் கீவாவின் முன்கூட்டிய முறைதான் உதவியாக இருக்கும். ஆனால் ஒருவருக்குக் கடன் என்று சொன்னால் அந்த ஒருவருக்குப் போக வேண்டும், நிறுவனத்துக்கு என்றால் நிறுவனத்துக்கு என்று சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கைச் சட்டத்தால் கொண்டுவர முடியும் என்பதை இது காட்டுகிறது.

வெறும் 25 டாலருக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தொகை சிறியதுதான், ஆனால் அது லட்சக்கணக்கானவர்களிடமிருந்து வந்து சேர்ந்துதான் 200 கோடி டாலரானது. அவ்வளவு பணத்தை எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்பது பல நாடுகளில் நுண்கடன் தொழிலின் நடத்தையையே பாதிக்கக்கூடியது. அந்த அதிகாரத்தை முகங்களைப் பார்த்துத் தேர்வு செய்வதில் செலவழித்துவிட்டால் யாருக்கும் பயனில்லை. அதனால் கடன் கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முகத்தைப் பார்த்ததும் கீழே இறங்கி நிறுவனத்தின் பெயரைச் சொடுக்குங்கள். கடன் வாங்குபவருக்கு வருடத்துக்கு உண்மையில் என்ன வட்டி ஆகிறது என்று தேடுங்கள். அந்த எண் இல்லையென்றால் அந்த நிறுவனத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். அதிக வட்டி வாங்கும் நிறுவனம் அதற்கான காரணத்தைச் சொல்கிறதா என்று பாருங்கள்: மலைக்கிராமங்களுக்குப் போகிறதா, விவசாயக் கடனா, பயிற்சியோ காப்பீடோ சேர்த்துக் கொடுக்கிறதா. நாணய இழப்பை யார் சுமக்கிறார்கள் என்று கவனியுங்கள். திரும்பி வராது போனாலும் தாங்கக்கூடிய பணத்தை மட்டும் போடுங்கள், இதை ஒரு தொண்டாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

தளங்களை நடத்துபவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இன்னும் எளியது. கடன் கொடுப்பதற்கான பொத்தானுக்குப் பக்கத்திலேயே மூன்று வரி: இவருக்கு இன்ன நிறுவனம் இன்ன தேதியில் ஏற்கெனவே கடன் கொடுத்துவிட்டது, இவர் கட்டும் வட்டி வருடத்துக்கு இத்தனை சதவீதம், உங்கள் பணம் அந்த நிறுவனத்தின் மூலதனத்துக்குப் போகிறது. இந்தத் தகவல்களைச் சேகரிப்பது புதிய வேலை இல்லை. தளங்களிடம் இவை ஏற்கெனவே இருக்கின்றன. இடத்தை மாற்றி வைத்தால் போதும். அப்படிச் செய்தால் கொஞ்சம் பணம் குறையும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கலாம். ஏழைகளின் பெயரில் திரட்டும் பணத்தில் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெரிந்து கொடுப்பவர்கள் இரண்டாவது முறையும் கொடுப்பார்கள். வட்டி ஏறும்போது கேள்வியும் கேட்பார்கள். கடன் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு நம்மால் ஆகக்கூடிய உதவியில் பெரிய பங்கு, அவருக்குக் கடன் கொடுத்த நிறுவனத்திடம் நாம் கேட்கும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.